மலத்தில் புழு இல்லை, மூளையில் மட்டும் எப்படி? ஸ்கேன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். தம்பிக்கு 24 வயதில் முதல் தடவையாக வலிப்பு வந்திருக்கிறது. சி.டி. ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு வளையம். நாடாப்புழுக் கட்டியாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம் என்று ரிப்போர்ட். மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை, வயிற்று ஸ்கேனும் நார்மல். இப்போது எம்.ஆர்.ஐ. வேறு எடுக்கச் சொல்கிறார்கள். "வயிற்றில் இல்லாத புழு மூளைக்கு எப்படிப் போகும், ஒரு ஸ்கேன் எடுத்த பிறகு இன்னொன்று எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் ஒரு கேள்வி மறைந்திருப்பதாக எனக்குப் படுகிறது: படத்தை மட்டும் வைத்து இது புழுதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் அந்தக் கேள்விக்கே அதிகம் எழுதுகிறேன். தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு வரியை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். மருந்து எவ்வளவு, எத்தனை நாள் என்பதும் நரம்பியல் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது.

முதலில் வயிற்று விஷயம். பன்றி நாடாப்புழுவுக்கு, அதாவது டீனியா சோலியத்துக்கு, மனித உடலில் இரண்டு விதமான வாழ்க்கை உண்டு. பன்றி இறைச்சியில் இருக்கும் இளம்புழு, சரியாக வேகாமல் வயிற்றுக்குள் போனால், குடலில் ஒட்டிக்கொண்டு மீட்டர் கணக்கில் நீளும் நாடாப்புழுவாக வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். இந்த முட்டை ஒருவரின் வாய்க்குள் போனால் கதையே வேறு. அது குடலில் நாடாப்புழுவாக வளராது. முட்டைக்குள் இருக்கும் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு போய், தசையிலோ கண்ணிலோ மூளையிலோ சின்ன நீர்ப்பையாகத் தங்கிவிடும். மூளையில் தங்குவதைத்தான் நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்கிறோம். ஆகவே மூளையில் கட்டி இருப்பவருக்குக் குடலில் புழு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. குடலில் புழு இருப்பவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் கை கழுவாமல் தொட்ட உணவோ, அசுத்தமான தண்ணீரோ முட்டையைக் கொண்டு வந்திருக்கும். பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது வருவது இதனால்தான். தம்பியின் மலத்தில் எதுவும் இல்லை என்பது மூளைக் கட்டியைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை.

இதோடு சேர்ந்த ஒரு குழப்பம்: குடலில் இருக்கும் நாடாப்புழுவைக் கண்டுபிடிக்க ஸ்கேன் சரியான கருவி இல்லை. வயிற்று அல்ட்ராசவுண்டு நார்மல் என்றால் குடலில் நாடாப்புழு இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுக்கும்போது நீளமான கோடு போல ஒரு நிழல் விழுந்து தற்செயலாகத் தெரிந்ததுண்டு. காப்ஸ்யூல் கேமராவில் நெளிந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் உண்டு. அவையெல்லாம் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டவை. குடல் புழுவுக்கு மலத்தில் முட்டையையும் புழுவின் துண்டுகளையும் தேடுவதுதான் வழி. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டையும் மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது மூளைக்கு ஆபத்து, இரண்டாவது அப்படியில்லை. முட்டையை மட்டும் பார்த்து எது என்று பிரிக்க முடியாது. முட்டைகள் தினமும் வருவதும் இல்லை, அதனால் ஒரு நாள் மாதிரியில் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று ஆகாது.

சரி, மூளைக்கு வருவோம். "ஸ்கேனில் புழு தெரிகிறது" என்று நாங்களே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலான படங்களில் தெரிவது, புழுவுக்கும் உடம்புக்கும் நடக்கும் சண்டையின் ஏதோ ஒரு கட்டம். புழுப்பை உயிரோடு இருக்கும்வரை உடம்பின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அமைதியாக இருக்கும். அப்போது படத்தில் மெல்லிய சுவரோடு, உள்ளே தெளிந்த நீரோடு ஒரு சின்ன உருண்டை தெரியும். சுற்றிலும் வீக்கம் இருக்காது, பெரும்பாலும் வலிப்பும் இருக்காது. வருடக்கணக்கில் இப்படியே இருந்துவிடலாம். பிறகு பை நலிந்து சாக ஆரம்பிக்கும். அப்போதுதான் உடம்புக்கு அது அந்நியப் பொருள் என்று தெரிகிறது. எதிர்ப்பு அணுக்கள் திரள்கின்றன, சுவர் தடிக்கிறது, உள்ளே இருக்கும் நீர் கலங்குகிறது, சுற்றியுள்ள மூளை வீங்குகிறது. இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து அந்தச் சுவரில் கசிந்து, படத்தில் பளிச்சென்று வளையமாகத் தெரியும். தம்பியின் ரிப்போர்ட்டில் இருக்கும் வளையம் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். வலிப்பு வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதன் பிறகு பை சுருங்கிச் சின்ன முடிச்சாகிறது. கடைசியில் முழுதும் மறைந்துவிடலாம், அல்லது சுண்ணம் படிந்து கடுகு போன்ற ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடலாம்.

இந்த நான்கு கட்டத்தில் நாங்கள் தேடுவது ஒன்றைத்தான்: புழுவின் தலை. நீர்ப்பைக்குள், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகச் சுவரை ஒட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி. எம்.ஆர்.ஐ.யில் பையின் நீர் கறுப்பாகத் தெரியும் படத்தில் இந்தப் புள்ளி சாம்பல் நிறமாக, ஓட்டைக்குள் வைத்த பொட்டு மாதிரி இருக்கும். பைக்குள் இதைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. டெல் ப்ரூட்டோ என்ற நரம்பியல் மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் வகுத்து, 2017இல் திருத்திய நோயறியும் விதிகளில், ஸ்கேன் படத்தில் பைக்குள் தலை ஐயமின்றித் தெரிவது முழுமையான ஆதாரம். அதற்குப் பிறகு வேறு சோதனை வேண்டியதில்லை. திசுவை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், கண்ணின் விழித்திரைக்குக் கீழே புழுவை நேரில் பார்ப்பதும் அதே தரத்தில் உள்ளவை.

ஆனால் அந்தப் புள்ளியைப் பார்ப்பது லேசான காரியமில்லை. ஸ்கேன் என்பது மூளையை ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது. ஒரு துண்டு 5 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதற்குள் 2 மில்லிமீட்டர் புள்ளி விழுந்தால், மேலும் கீழும் உள்ள நீரோடு சேர்ந்து சராசரியாகி மங்கிப்போகும். படத்தில் வெறும் வளையம்தான் மிஞ்சும். அதே தலையை 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாகப் பார்த்தால், நகர்த்திக்கொண்டே போகும்போது ஏதோ இரண்டு துண்டில் மட்டும் பொட்டு எட்டிப்பார்த்துவிட்டு மறையும். திரையில் முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை உருட்டிய பிறகு பிடிபட்ட தலைகள் எனக்கு நிறைய உண்டு. ஃபிலிமில் அச்சிட்டுத் தரும் படங்களில் இந்த மெல்லிய துண்டுகள் பொதுவாக இருக்காது. அதனால்தான் ஃபிலிமோடு எல்லாப் படங்களும் பதிந்த குறுவட்டையும் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

இப்போது, சி.டி. எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு என்ற கேள்வி. இரண்டும் வேறு வேறு கண்கள். சுண்ணம் படிந்து செத்துப்போன பழைய கட்டியைச் சி.டி. போல எதுவும் காட்டாது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தாலே எலும்பு போல வெள்ளையாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யின் சாதாரணப் படங்களில் இதே புள்ளிகள் காணாமலே போய்விடலாம். இதற்கென்று தனியாக எடுக்கும் படங்களில் கறுப்பாகத் தெரியும், ஆனால் பழைய இரத்தக்கசிவும் அங்கே கறுப்புத்தான். இரண்டையும் பிரிக்கக் கூடுதல் வேலை தேவை. மறுபக்கம், தலையைக் காண்பது, சின்னப் பைகளை எண்ணுவது, வீக்கத்தைக் காண்பது, மூளையின் நீர்ப்பாதைகளில் ஒளிந்திருக்கும் பையைக் காண்பது, இதெல்லாம் எம்.ஆர்.ஐ.யின் பலம். 2018இல் வெளியான அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், சந்தேகப்படும் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யையும் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யையும் எடுக்கப் பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவர் சொன்னது அதிகப்படியான சோதனை இல்லை. கட்டி ஒன்றா, சி.டி.க்குத் தப்பிய இன்னும் நாலைந்து உண்டா என்பதை வைத்துச் சிகிச்சையே மாறும்.

நீர்ப்பாதை பற்றிச் சொன்னேன், அதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. வேலைக்கு வந்து சில வருடமே ஆன காலம். தலையைத் திடீரென்று திருப்பினால் கடும் தலைவலியும் தலைசுற்றலும் வருகிறது என்று ஒரு பெண் வந்தார். சி.டி.யில் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் கொஞ்சம் பெருத்திருந்தன, வேறு எதுவும் தெரியவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வாந்தியும் மயக்கமுமாக வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, நான்காவது நீர் அறைக்குள் ஒரு புழுப்பை அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருந்தது. பைக்குள் இருக்கும் நீரும் வெளியே இருக்கும் மூளைநீரும் சி.டி.யில் ஒரே சாம்பல் நிறம். மெல்லிய சுவர் தெரியவே தெரியாது. பழைய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இருக்குமிடம் தெரிந்த பிறகும் அந்தப் பையை அதில் காட்ட முடியவில்லை. ஆனால் நீர் அறை பெருத்திருந்ததற்குக் காரணம் தேடச் சொல்லி நான் எழுதியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, "சி.டி.யில் ஒன்றும் இல்லை" என்று எழுதும் ஒவ்வொரு முறையும், எந்த இடங்களைச் சி.டி.யால் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நீர் அறைகளுக்கும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நீர் இடைவெளிகளுக்கும் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் தனி எம்.ஆர்.ஐ. படங்கள் உண்டு, அவற்றில் பையின் சுவர் நூல் மாதிரி தெரியும். அடிப்பகுதி இடைவெளியில் வளரும் பைகள் திராட்சைக் கொத்து போலப் பெருகும், அவற்றில் பெரும்பாலும் தலையே இருக்காது. அங்கே தலையைத் தேடிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து, உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும் வார்த்தை: காசநோய்க் கட்டி. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சி.டி. ஸ்கேன் 1971இல்தான் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதற்கு முன்னால் மூளைக்குள் புழு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தொடையையும் தோளையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். தசையில் சுண்ணம் படிந்த பைகள் அரிசி மாதிரி, தசை நார் ஓடும் திசையிலேயே வரிசையாகக் கிடக்கும். அதை வைத்து மூளையிலும் இருக்கும் என்று ஊகிப்பார்கள். சி.டி. பரவலான பிறகு, வலிப்பு வந்த இளைஞர்களின் மூளையில் ஒற்றைச் சின்ன வளையங்கள் நிறையத் தெரிய ஆரம்பித்தன. இந்தியாவில் அவற்றைக் காசநோய் என்றே எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வளையமும் மறைந்தது, மருந்துதான் மறைய வைத்தது என்று நினைத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, ராஜசேகர் முதலான நரம்பு அறுவை மருத்துவர்கள் அப்படிப்பட்ட கட்டிகள் சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை சாகும் நிலையில் உள்ள புழுப்பைகள் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். மருந்து இல்லாமலே அவை தாமாக மறையக்கூடியவை. ஒரு படத்தின் அர்த்தமே மாறிப்போன தருணம் அது. எத்தனையோ பேர் தேவையில்லாத மருந்திலிருந்தும் மண்டையோட்டைத் திறப்பதிலிருந்தும் தப்பியதற்கு அந்த வேலை ஒரு காரணம் என்பதால், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த வேலையிலிருந்து வந்த அளவுகோல்தான் இன்றும் கையில் இருக்கிறது. வளையம் ஒன்றே ஒன்றாக இருந்து, 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லாமல் இருந்தால், அதோடு நோயாளிக்கு வலிப்பு மட்டுமே இருந்து, நாளுக்கு நாள் கை கால் பலவீனமாவதோ, மண்டைக்குள் அழுத்தம் கூடுவதற்கான அறிகுறியோ, உடம்பில் வேறு தீவிர நோயோ இல்லாமல் இருந்தால், புழுக் கட்டியாக இருக்கும் வாய்ப்பே மிக அதிகம். காசநோய்க் கட்டி பெரும்பாலும் இதைவிடப் பெரிது, ஓரம் ஒழுங்கற்றது, இரண்டு மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டு இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அதன் உள்பகுதி கறுத்துத் தெரியலாம். திசுவில் உள்ள வேதிப்பொருள்களை வரைபடமாக அளக்கும் எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற சோதனையில் கொழுப்பின் சிகரம் உயர்ந்து நிற்கலாம். சீழ்க்கட்டி என்றால் நீர்மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் நடுப்பகுதி பளிச்சென்று எரியும். இவற்றில் "பெரும்பாலும்", "லாம்" என்றெல்லாம் வருவதைக் கவனியுங்கள். தலை தெரியாத ஒற்றை வளையத்தில் படம் தருவது வாய்ப்பின் அளவைத்தான். தம்பியின் 9 மில்லிமீட்டர் என்ற அளவு புழுக் கட்டியின் பக்கம் சாய்கிறது. ஆனால் சின்னக் காசநோய்க் கட்டிகளும் இருக்கின்றன, வேறு இடத்துப் புற்றுநோய் மூளைக்குப் பரவும்போதும் வளையம் வரும். ரிப்போர்ட்டில் புழு, காசநோய் இரண்டையும் எழுதியவர் தயங்கவில்லை, தெரிந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இரத்தப் பரிசோதனை இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இ.ஐ.டி.பி. என்ற சோதனை இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது, உயிருள்ள பைகள் பல இருந்தால் அது மிக நம்பகமானது. ஆனால் ஒற்றைக் கட்டியிலும் சுண்ணமான கட்டியிலும் அதன் திறன் நன்றாகக் குறைந்துவிடும். அதனால் "நெகட்டிவ்" என்று வந்தால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. பல ஆய்வகங்களில் எடுக்கும் எளிய எலைசா சோதனை வேறு தொற்றுகளுக்கும் "பாசிட்டிவ்" காட்டிவிடும். ஒற்றை வளையம் உள்ள ஒருவரிடம் நான் எலைசாவுக்கு அதிக எடை கொடுப்பதில்லை.

அப்படியானால் எப்படித்தான் உறுதி செய்வது? பல நேரங்களில் காலம்தான் கடைசிச் சோதனை. டெல் ப்ரூட்டோ விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது: ஒற்றைச் சின்ன வளையம் தானாக மறைவதும், புழு மருந்துக்குப் பிறகு நீர்ப்பை மறைவதும், நீர் அறைக்குள் இருக்கும் பை இரண்டு ஸ்கேனுக்கு இடையில் இடம் மாறியிருப்பதும் உறுதிப்படுத்தும் சான்றுகள். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் வளையம் சுருங்கியோ மறைந்தோ இருந்தால் மனம் நிம்மதியாகும். அதற்குள் பெரிதானாலோ, தலைவலி கூடினாலோ, கை கால் பலவீனம் வந்தாலோ, ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. முதலிலிருந்து யோசிக்க வேண்டும், சில சமயம் திசுவை எடுத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கும். இன்னொன்று, சுண்ணமாகிவிட்ட கட்டி செத்ததுதான் என்றாலும் அது எப்போதும் சும்மா இருப்பதில்லை. சிலருக்கு வருடங்கள் கழித்து வலிப்பு வரும்போது, அந்தக் கடுகுப் புள்ளியைச் சுற்றிப் புதிதாக வீக்கம் வந்திருப்பதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கிறோம். அதைப் புதிய தொற்று என்று எடுத்துக்கொண்டு மறுபடி புழு மருந்து கொடுப்பது சரியில்லை.

உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும், "வயிற்று ஸ்கேன் நார்மல்" என்று எழுதியதால் இன்னொரு நாடாப்புழுவைப் பற்றிச் சொல்கிறேன். அதில்தான் வயிற்று ஸ்கேன் உண்மையில் கெட்டி. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற சின்னப் புழுவின் முட்டை மனிதருக்குள் போனால், பெரும்பாலும் கல்லீரலிலும் அடுத்தபடியாக நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். ஹைடாடிட் கட்டி என்பார்கள். மூளைப் புழுவுக்கு எம்.ஆர்.ஐ. எப்படியோ, கல்லீரலில் இருக்கும் இந்தக் கட்டிக்கு அல்ட்ராசவுண்டு அப்படி. இதை அருகில் இருந்து பார்த்தால்தான் புரியும். கல்லீரலில் வெறும் நீர்க்கட்டி போல ஒன்று தெரிகிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். கட்டியின் அடியில் படிந்திருந்த நுண்ணிய துகள்கள் கிளம்பி, நீருக்குள் மெதுவாகப் பொழிந்து மறுபக்கம் வந்து படிகின்றன. அந்தத் துகள்கள் புழுவின் குட்டித் தலைகளும் உதிர்ந்த பொருள்களும். சாதாரண நீர்க்கட்டியில் இப்படி நடக்காது. சுவரும் ஒற்றைக் கோடாக இல்லாமல் இரட்டைக் கோடாகத் தெரியும். சி.டி.யில் இந்த அசைவைப் பார்க்கவே முடியாது, இரட்டைச் சுவரும் பெரும்பாலும் மங்கிவிடும்.

இந்தக் கட்டிக்கு 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது, முழுக்க அல்ட்ராசவுண்டு தோற்றத்தை வைத்து. முதல் வகை நான் மேலே சொன்ன தெளிந்த கட்டி. இரண்டாவதில் உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்து தேனடை போல இருக்கும். மூன்றாவதில் உட்சுவர் கழன்று நீரில் அல்லி இலை மாதிரி மிதக்கும், அல்லது கெட்டிப்பட்ட பொருளுக்கு நடுவே குட்டிக் கட்டிகள் மிஞ்சியிருக்கும். நான்காவதில் நீரே இல்லாமல் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். ஐந்தாவதில் ஓரமெல்லாம் சுண்ணம். முதல் இரண்டும் உயிருள்ள கட்டிகள், கடைசி இரண்டும் அடங்கிப்போனவை, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இந்த எண் சிகிச்சைக்கே திறவுகோல். 5 சென்டிமீட்டருக்குக் குறைவான முதல் வகைக்கு மாத்திரை மட்டும் போதுமானதாக இருக்கலாம். பெரிதாக இருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக நீரை எடுத்து, புழுவைக் கொல்லும் திரவம் செலுத்தி, திரும்ப எடுப்பார்கள். தேனடை வகைக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. அடங்கிப்போன வகைகள் தொல்லை தராமல் இருந்தால் வருடா வருடம் பார்த்துக்கொண்டாலே போதும். ஒருவருக்கு மாத்திரையா கத்தியா என்பதை, ஸ்கேன் எடுப்பவர் அந்தச் சில நிமிடத்தில் என்ன கவனிக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. ஹைடாடிட் கட்டியில் முன்யோசனை இல்லாமல் ஊசி குத்தக் கூடாது. உள்ளிருக்கும் நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், புழு வயிறெங்கும் பரவவும் செய்யலாம். நுரையீரல் கட்டியில் இந்த ஊசி முறையே கூடாது.

இதே குடும்பத்தில் எக்கினோகாக்கஸ் மல்டிலாகுலாரிஸ் என்று ஒன்று உண்டு, பூமியின் வடபாதியின் குளிர்ப் பிரதேசங்களில் நரிகள் வழியாகப் பரவுவது. அது கல்லீரலில் புற்றுநோய் போலவே ஊடுருவி வளரும், படத்திலும் புற்றுநோய் போலவே தெரியும். அங்கே, திசு எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகிறது என்று காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும். ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் ஊர்ந்து போன பாதை எம்.ஆர்.ஐ.யில் சுரங்கம் மாதிரி தெரிவதும், அடுத்த ஸ்கேனில் வேறு இடத்தில் இருப்பதும் அபூர்வமாகப் பார்க்கக்கூடியவை.

கதிர்வீச்சு பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவர் ஒரு வருடத்தில் சராசரியாக வாங்குவது 2.4. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எம்.ஆர்.ஐ.யை விரும்புகிறோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

இனி நடைமுறை. எம்.ஆர்.ஐ. வருவதற்குள் பூச்சி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையில் உள்ள பைகள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடி வலிப்பு தொடர்ந்து வரலாம். மருத்துவர்கள் புழு மருந்தோடு ஸ்டீராய்டு கொடுப்பது அதற்காகத்தான். பைகள் ஏராளமாக இருந்து மூளை முழுதும் வீங்கியிருந்தால் புழு மருந்தே கொடுக்கக் கூடாது, முதலில் வீக்கத்தைத்தான் அடக்க வேண்டும். எத்தனை பை, எங்கே, எவ்வளவு வீக்கம் என்று தெரியாமல் அந்த முடிவை எடுக்கவே முடியாது. மருந்து தொடங்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் ஒரு பை இருந்து மருந்தில் செத்தால் பார்வை போகலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய மலத்தையும் பரிசோதிக்கக் கேளுங்கள், முட்டை யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் அவருக்கு எளிய மருந்து போதும், அடுத்தவருக்கு வருவதும் நிற்கும். வலிப்பு மாத்திரையை வளையம் மறைந்துவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது இந்தச் சி.டி. ஸ்கேனின் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த குறுவட்டையும் கையில் எடுத்துப் போங்கள். "பைக்குள் தலை தெரிகிறதா, மெல்லிய துண்டுகளில் பார்த்தீர்களா, நீர் அறைகளில் ஏதாவது உண்டா" என்று படம் பார்ப்பவரிடம் நேராகவே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து எடுப்பதையும் முடிந்தால் அதே இடத்தில், அதே வகைப் படங்களோடு எடுக்கச் சொல்லுங்கள். 9 மில்லிமீட்டர் 6 ஆனதா என்பதை, ஒரே மாதிரி வெட்டிய இரண்டு படங்களை அருகருகே வைத்தால்தான் நம்பிச் சொல்ல முடியும்.